ஆவடி டாங்கியும் அம்பத்தூர் லேத்தும்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மேற்கே போகும் மின்சார ரயில்களில் சிலவற்றின் முகப்பில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று எழுதியிருக்கும். ராணுவத்துக்காகப் போட்ட ஒரு கிளைப்பாதை நாளடைவில் ரயில் நிலையமாகி, இன்று காய்கறிக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் இடமாகிவிட்டது. காலை ஷிப்டு நேரத்தில் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். வில்லிவாக்கம், கொரட்டூர் தாண்டிப் பட்டரவாக்கம் வந்ததும் கையில் டிபன் பையோடு ஒரு கூட்டம் இறங்கும். அவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டின் லேத், மில்லிங், பிரஸ் பட்டறைகளுக்குப் போகிறவர்கள். வண்டி அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர் தாண்டி ஆவடியில் நிற்கும்போது இன்னொரு கூட்டம் இறங்கும். கழுத்தில் அடையாள அட்டை, நடையில் கொஞ்சம் நிதானம். அவர்கள் ‘டாங்க் பேக்டரி’க்காரர்கள்.

ஒரே ரயிலில் வரும் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே நான்கு நிலையங்கள்தான் தூரம். ஆனால் போர் என்று ஒன்று வந்தால் இந்தியா எத்தனை டாங்கிகளைச் செய்ய முடியும், அடிபட்ட எத்தனை டாங்கிகளைச் சரிசெய்து திருப்பி அனுப்ப முடியும் என்பது, பட்டரவாக்கத்தில் இறங்குகிறவருக்கும் ஆவடியில் இறங்குகிறவருக்கும் நடுவே அமைதிக் காலத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராணுவ உற்பத்தித் திறன் என்றதும் நாம் கட்டடத்தையும் இயந்திரத்தையும் எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஆர்டரை. விடாமல் வரும் ஆர்டரை.

‘ஆவடி’ என்பது கவச வாகனங்களையும் கிடங்கையும் குறிக்கும் நான்கைந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று ஒரு கதை உண்டு. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடங்களில் உலவிய கதை. உண்மையில்லை. டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல். காங்கிரஸ் கட்சி யு.என். தேபர் தலைமையில் 1955 ஜனவரியில் மாநாடு கூட்டியபோதே ஊருக்கு ஆவடி என்றுதான் பெயர். இரண்டாம் உலகப் போரின்போதே இங்கே ராணுவக் கிடங்குகள் இருந்தன என்பது மட்டும் சரி. அந்த மாநாட்டில்தான் ‘சோசலிசப் பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டு தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் இரும்பு, இயந்திரம் என்று கனரகத் தொழிலைப் பிடித்துக்கொண்டது. தீர்மானம் போட்ட ஊருக்கே ஐந்தாறு ஆண்டுகளில் கனரகத் தொழிற்சாலை வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தக் காலத்தின் நம்பிக்கை எது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961 ஆகஸ்டில் ஒப்பந்தம். 1963இல் மாதிரி வண்டி. ஆவடியில் வரிசை தயாராகும்வரை முதல் 90 டாங்கிகளைப் பிரிட்டனிலேயே செய்துகொள்வது என்று ஏற்பாடு. 105 மில்லிமீட்டர் பீரங்கி ஏந்திய அந்த டாங்கிக்கு விஜயந்தா என்று பெயர் வைத்தார்கள். அது படையில் சேர்ந்த தேதி 1965 டிசம்பர் 29.

இந்தத் தேதியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். செப்டம்பர் 6ஆம் தேதி சர்வதேச எல்லையைத் தாண்டிய இந்திய–பாகிஸ்தான் போர் 23ஆம் தேதியே நின்றுவிட்டது. அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை மடக்கியவை செஞ்சூரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ். 13 டாங்கிகள். மூன்றும் வெளிநாட்டுச் சரக்கு. போரின் நடுவே அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தியது. சொந்தத் தொழிற்சாலை எதற்கு என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் வந்திருக்க முடியாது. ஆனால் பதில் வந்தபோது ஆவடியிடம் கொடுக்க ஒரு டாங்கிகூட இல்லை. முழு வரைபடமும் நட்பு நாட்டுப் பொறியாளர்களும் கையிலிருந்தும் ஒப்பந்தத்திலிருந்து முதல் டாங்கிவரை நான்கு ஆண்டுக்கு மேல் பிடித்தது. போர் நடந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. தாகம் எடுத்தபின் கிணறு தோண்டினால் நடப்பதுதான் இது.

விஜயந்தாவின் உற்பத்தி 1983வரை ஓடியது. சுமார் 2,200 டாங்கிகள். ஒரு தொழிற்சாலைக்கு இது நல்ல எண்ணிக்கை. தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு பள்ளிக்கே விஜயந்தாவின் பெயர் இருக்கிறது. பல குடும்பங்களில் அப்பா, பிள்ளை இருவரும் அதே கேட் வழியாக வேலைக்குப் போயிருக்கிறார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள டாங்கியின் பீரங்கியை விட்டுவிட்டு வயிற்றுக்குள் பார்க்க வேண்டும்.

விஜயந்தாவில் இருந்தது பிரிட்டிஷ் லேலண்டின் எல் 60 என்ஜின். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து மோதுவதுபோல் இயங்கும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். கேட்க அழகான யோசனை. ஓட்டியவர்களுக்குப் பெரும் தலைவலி. இதே என்ஜினைத் தன் சீஃப்டன் டாங்கியில் வைத்த பிரிட்டிஷ் ராணுவமும் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறது. விஜயந்தா ஓய்ந்ததும் ஆவடி சோவியத் டி 72க்கு மாறியது. அதற்கு வி 46 என்ற 780 குதிரைத்திறன் என்ஜின். நான்கு ஸ்ட்ரோக், 12 சிலிண்டர், முற்றிலும் வேறு சாதி. அதைச் செய்யவே 1987இல் ஆவடியில் தனியாக என்ஜின் தொழிற்சாலை வந்தது. இதற்கு நடுவே, 1974இல் ஒப்புதல் பெற்று, பக்கத்திலேயே இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு ஜெர்மனியின் எம்.டி.யு. செய்த 1,400 குதிரைத்திறன் என்ஜின். ஆக, ஒரே ஊரில் 40 ஆண்டுக்குள் பிரிட்டிஷ், ரஷ்ய, ஜெர்மன் என மூன்று என்ஜின் வம்சங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சொத்து எதுவும் கைமாறவில்லை. எல் 60இன் சிலிண்டர் லைனரோடு மல்லுக்கட்டித் தேர்ந்த ஃபிட்டர் வி 46 முன்னால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். வி 46க்குப் பூர்வீகம் 1930களில் கார்கிவ் நகரில் உருவான வி 2. இரண்டாம் உலகப் போரின் டி 34 டாங்கியை ஓட்டியது அதுதான். ஜெர்மன் படை நெருங்கியபோது, 1941இல், கார்கிவின் இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றி யூரல் மலைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். என்ஜின் வேலை செல்யாபின்ஸ்க் போனது. அந்த ஊருக்கே ‘டாங்கோகிராட்’ என்று பட்டப்பெயர் வந்தது. டாங்கி செய்யும் வேலை நிஷ்னி தாகில் போனது. டி 72, டி 90 இரண்டும் பிறந்தது அங்கேதான். வி 2 தொடக்கத்தில் 500 குதிரைத்திறன். டி 90இல் இருக்கும் அதன் வாரிசு வி 92 எஸ் 2 அதில் இரு மடங்கு. எண்பது ஆண்டாக ஒரே குடும்பத்தை விடாமல் வளர்த்திருக்கிறார்கள். வடிவமைப்பு பழையது, எடைக்கு ஏற்ற சக்தி இல்லை என்று மேற்கத்திய நிபுணர்கள் குறை சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த என்ஜினைச் செய்யத் தெரிந்த கைகள் ஒரு தலைமுறைகூட விட்டுப்போகவில்லை.

ஆவடி என்ஜின் தொழிற்சாலை வி 46, வி 92 எஸ் 2 இரண்டையும் முழுக்க உள்நாட்டு பாகங்களோடு செய்துவிட்டதாக 2018 ஜூலை 28 அன்று விழா எடுத்தது. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்த என்ஜின்களை ராணுவத்திடம் ஒப்படைத்தார். தொழிற்சாலை தொடங்கி 31 ஆண்டு. கேலி செய்வதற்காக இந்த எண்ணைச் சொல்லவில்லை. டாங்கி என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், டர்போசார்ஜர், எரிபொருள் பம்ப் என்று ஒவ்வொன்றையும் இங்கேயே செய்யக் கற்க ஆகும் காலம் அது. ஆனால் 2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலருக்கு இன்னொரு ஒப்பந்தம் போட்டது. டி 72 டாங்கிகளின் 780 குதிரைத்திறன் என்ஜினை எடுத்துவிட்டு 1,000 குதிரைத்திறன் என்ஜின் பொருத்துவதற்கு. ஒரு பகுதி முழு என்ஜினாக வரும், மீதி உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்படும், தொழில்நுட்பம் ஆவடிக்குக் கைமாறும். 1,000 குதிரைத்திறன் என்ஜினை 2018இலேயே முழுதாகச் செய்துகாட்டிய ஊர், 2025இல் 1,000 குதிரைத்திறன் என்ஜினுக்காகக் காத்திருக்கிறது. என் கணிப்பில் இது திறமைக் குறைவு இல்லை. ஒரு பொருளைச் செய்யத் தெரிவது வேறு, ராணுவம் கேட்கும் வேகத்தில் செய்து தள்ளுவது வேறு. நம்மூர் விழா மேடைகள் முதலாவதோடு முடிந்துவிடுகின்றன.

அர்ஜுன் கதை இன்னும் கூர்மையானது. 1974இல் தொடங்கிய திட்டத்துக்கு 124 டாங்கிகள் என்ற முதல் ஆர்டர் வந்தது 2000இல். முதல் ஐந்து வண்டிகள் 2004இல் ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தன. அந்த 124 முடிந்தபின் வரிசைக்கு வேலை இல்லை. மேம்படுத்திய அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியைப் பிரதமர் 2021 பிப்ரவரியில் சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைத்தார். 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. 200க்கும் மேற்பட்ட உள்நாட்டு சப்ளையர்கள், சுமார் 8,000 பேருக்கு வேலை, முதல் ஐந்து டாங்கிகள் 30 மாதத்துக்குள் என்பது அரசு அறிவிப்பு. ஆனால் எம்.டி.யு.விடம் போனால், அந்த என்ஜினின் உற்பத்தி வரிசை மூடிக்கிடக்கிறது, மறுபடி ஓடவைக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்ற நிலை.

ஜெர்மன்காரனைத் திட்ட இதில் ஒன்றுமில்லை. வாங்க ஆளில்லாத என்ஜினுக்கு எந்த நிறுவனம் வரிசையைத் திறந்து வைத்திருக்கும்? அர்ஜுனின் முதல் ஆர்டருக்கும் இரண்டாவது ஆர்டருக்கும் நடுவே 21 ஆண்டு விட்டது நாம். அந்த இடைவெளி ஆவடியில் ஒரு வரிசையைச் சும்மா உட்கார வைத்ததோடு நிற்கவில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வரிசையும் மூட அதுவும் ஒரு காரணமாகி, பிறகு சுற்றிக்கொண்டு நம் வாசலுக்கே வந்தது.

இதே பாடம் ஜோராவர் இலகு டாங்கியிலும் வந்தது. கிழக்கு லடாக்கில் 2020இல் சீனப் படையோடு நேருக்கு நேர் நிற்க வேண்டி வந்தபோது, 40 டன்னுக்கு மேற்பட்ட டாங்கிகளை அந்த உயரத்துக்கு ஏற்றுவதன் கஷ்டம் எல்லாருக்கும் தெரிந்தது. சுமார் 25 டன் எடையில் ஒரு டாங்கியை சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்து 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் காட்டினார்கள். நம் நாட்டு வழக்கத்துக்கு இது மின்னல் வேகம். அதிலும் முதலில் நினைத்த ஜெர்மன் என்ஜின் ஏற்றுமதி அனுமதியில் சிக்கி, கடைசியில் அமெரிக்க கம்மின்ஸ் என்ஜின் ஏறியது. இந்தியாவின் முதல் 1,500 குதிரைத்திறன் டாங்கி என்ஜினின் சோதனை ஓட்டம் மைசூருவில் பி.இ.எம்.எல். ஆலையில் 2024 மார்ச்சில் நடந்திருக்கிறது. நல்ல செய்தி. அது தொடர்ந்து ஓடுமா, அல்லது நான்காவது வம்சமாகத் தொடங்கி நான்காவதாகவே நிற்குமா என்பதை இனி வரும் ஆர்டர்கள் தீர்மானிக்கும்.

சென்னையை ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று சொல்லிக்கொள்வதில் நமக்கொரு பெருமை. பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கார் ஆலைகள் வரிசையாக வருவதைப் பார்த்தால் பட்டம் பொருந்தும் என்றுதான் தோன்றும். ஆனால் அசல் டெட்ராய்ட் இரண்டாம் உலகப் போரில் என்ன செய்தது என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே கிரைஸ்லர் கார் நிறுவனம் டெட்ராய்ட்டை ஒட்டிய விவசாய நிலத்தில் டாங்கி ஆலை கட்டியது. அந்த ஓர் ஆலை போர் முடிவதற்குள் 22,000க்கும் மேற்பட்ட டாங்கிகளை அனுப்பியது. அவர்களுக்கும் நெருக்கடி என்ஜினில்தான் வந்தது. விமான என்ஜின்கள் விமானங்களுக்கே போதாமல் போக, கிரைஸ்லர் பொறியாளர்கள் ஐந்து கார் என்ஜின்களை வட்டமாக ஒன்றோடொன்று கோத்து 30 சிலிண்டரில் ஒரே என்ஜினாக்கி ஷெர்மன் டாங்கிக்குள் இறக்கினார்கள். அப்படி ஓடியவை ஏழாயிரத்துக்கும் மேல். கல்யாண வீட்டில் அடுப்பு போதாதபோது ஐந்து பம்ப் ஸ்டவ்வைச் சேர்த்து வைத்து அண்டாவை ஏற்றுவதுபோன்ற காரியம். ஆனாலும் வேலை செய்தது. காரணம், அந்தக் கார் என்ஜின் ஏற்கெனவே லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. வார்ப்பு, கேஜ், ஆள் எல்லாம் தயார்.

அதே தந்திரத்தை ஸ்ரீபெரும்புதூரில் செய்ய முடியாது. இன்றைய 50, 60 டன் டாங்கியை கார் என்ஜின்களைக் கோத்து ஓட்ட முடியாது. கார் ஆலைகளின் அசல் சொத்து அவற்றின் பின்னால் இருக்கும் சப்ளை வரிசை: ஃபோர்ஜிங், காஸ்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், கியர் வெட்டு, துல்லிய அளவீடு. அந்த வரிசையின் மூத்த பகுதி நம் மேற்கு ஓரத்தில்தான் இருக்கிறது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960களின் தொடக்கத்தில் வந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964. ஆர். வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்தபோது, கிண்டி தொழிற்பேட்டையைத் தொடர்ந்து கிளம்பிய யோசனை. அதே வெங்கட்ராமன்தான் பின்னாளில் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். எஸ்டேட்டையும் டாங்கித் தொழிற்சாலையையும் ஒரே மேசையிலிருந்து பார்க்க வாய்த்த அமைச்சர்கள் அதிகமில்லை.

எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறது. மூன்று சி.என்.சி., இரண்டு பழைய லேத், பதினோரு பேர். வாசலில் கூலன்ட் கலந்த எண்ணெய் வாசம், உள்ளே சாமி படத்துக்கு மேல் சின்ன சிவப்பு விளக்கு. பெரும்பாலும் ஆட்டோமொபைல் வேலை. நடுவில் சில ஆண்டுகள் ராணுவ வண்டி ஒன்றுக்குப் போகும் ஒரு புஷ் செய்து கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் எஃகு வளையம். அதன் உள்விட்டத்தைச் சோதிக்க ஒரு ப்ளக் கேஜ். ஒரு முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் தலைமுடித் தடிமனில் சிறு பங்கு. முதலாளி தானே ஒரு முன்னாள் டர்னர். நூறு புஷ்ஷை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் கேஜைப் போட்டுப் பார்ப்பார். விரலே அளவு சொல்லும் என்பார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான், கேஜை விடமாட்டார்.

அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “வுடலைங்க சார், அதுதான் வரலை” என்றார். முதல் ஆண்டு 800 வந்தது. மறு ஆண்டு 150. அதற்கடுத்த ஆண்டு டெண்டரே இல்லை. கார் கம்பெனிக்காரன் விலையைக் கசக்கிப் பிழிவான், ஆனால் ஒவ்வொரு மாதமும் வருவான். ராணுவ வேலையில் விலை பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனை அதிகாரி வரும்வரை சரக்கு உட்கார்ந்திருக்கும். பணம் வர ஆறேழு மாதம். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வருமான வரியில் அந்தச் செலவை அந்த ஆண்டே கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சட்டம் பக்கத்தில் இருக்கிறது, வங்கி வட்டி அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. அந்த வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எஸ்டேட்டுக்கு வேறு எதிரிகளும் உண்டு. ஒன்று, நிலத்தின் விலை. லேத் ஓடிய இடத்தில் கண்ணாடி முகப்போடு ஐ.டி. கட்டடம் எழுந்தால் வாடகை பல மடங்கு. போர்க்காலத் திறனைப் பற்றி டெல்லியில் எழுதப்படும் அறிக்கைகளில் அம்பத்தூரின் சதுர அடி விலை இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும். இன்னொன்று, தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஏரிகளைத் தாண்டி எஸ்டேட்டுக்குள் வந்தது. சி.என்.சி. இயந்திரத்தில் தண்ணீர் புகுந்தால் கன்ட்ரோல் போர்டும் சர்வோ மோட்டாரும் போய்விடும். அவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வர வேண்டியவை. எதிரி ஒரு குண்டும் போடாமல், இரண்டு நாள் மழையில் ஒரு தொழிற்பேட்டையின் துல்லிய வேலை வாரக்கணக்கில் நின்றது. மழைநீர் வடிகாலும் ராணுவத் தளவாடம்தான் என்று சொன்னால் யாராவது சிரிக்கலாம். அந்த டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டாரைக் கழற்றியவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

போர்க்கால உற்பத்தி என்றதும் கண்முன் வருவது புதுப் பெயிண்ட் அடித்த டாங்கி வெளியே வரும் காட்சி. நிஜம் அப்படியில்லை. உக்ரைன் போரில் 2022க்குப் பிறகு ரஷ்யா முன்வரிசைக்கு அனுப்பிய டாங்கிகளில் பெரும்பகுதி திறந்தவெளிக் கிடங்குகளில் துருப்பிடித்துக் கிடந்த சோவியத் காலத்து வண்டிகள். பழுது பார்த்து, என்ஜின் மாற்றி, புதுக் கண்ணாடி பொருத்தி அனுப்பினார்கள். மறுபக்கம் பீரங்கிக் குண்டு. அமெரிக்கா 155 மில்லிமீட்டர் குண்டுகளை மாதம் சுமார் 14,000 செய்துகொண்டிருந்தது. பல நூறு கோடி டாலர் கொட்டியும் அதை 40,000க்குக் கொண்டுவர மூன்று ஆண்டு ஓடிவிட்டது. ஒரு லட்சம் என்ற இலக்கு தள்ளிப்போனது. பணம் இருந்தது, விருப்பம் இருந்தது. உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிக் குண்டாக அடிக்கும் பிரஸ்களும் அதைப் பக்குவமாக இயக்கும் ஆட்களும் கடையில் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கு இதில் அந்நியமாக ஒன்றுமில்லை. கார்கில் போரின்போது, 1999இல், குண்டுகளுக்காக அவசரமாக வெளிநாடுகளில் அலைந்தோம். ராணுவம் 40 நாள் கடும் போருக்கான குண்டுகளைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தலைமைத் தணிக்கையாளர் 2017இல் கொடுத்த அறிக்கையின்படி, 2016 செப்டம்பரில் 152 வகைக் குண்டுகளில் 61 வகை பத்து நாளுக்குக்கூடப் போதாது. பிறகு நிலைமை தேறியிருக்கிறது, உள்நாட்டுத் தனியார் நிறுவனங்களும் வந்திருக்கின்றன. ஆனால் டாங்கிக் குண்டின் ஊசிமுனைக்கு வேண்டிய டங்ஸ்டனுக்கு இன்னும் சீனாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உலக உற்பத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான். 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. திருச்சியில் அந்த ஊசியை வடிப்பதற்கென்றே அரசு ஆலை இருக்கிறது. ஆலை நம்முடையது, தாது நம்முடையது இல்லை.

ஆவடிக்குள்ளேயே ஒரு சின்னப் போர்க்காலப் பரீட்சை 2020இல் நடந்தது. எதிரி வைரஸ். டாங்க் பேக்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ராணுவ உடைத் தொழிற்சாலையை ஊரார் ஓ.சி.எஃப். என்பார்கள். சீருடையும் பாராசூட்டும் தைக்கும் இடம். 2017இல் ராணுவ உடைகள் ‘அத்தியாவசியம் அல்லாதவை’ பட்டியலுக்குப் போனதும், வீரர்களுக்குச் சீருடைக்குப் பதில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி கொடுக்கத் தொடங்கியதும் அங்கே ஆர்டர் வற்றியிருந்தது. கோவிட் வந்ததும் அதே தையல் இயந்திரங்களில் மருத்துவர்களுக்கான முழு உடைக் கவசம் தைத்தார்கள். தையல் பெரிய விஷயமில்லை. தையல் ஓட்டைகளில் கிருமி நுழையாமல் ஒட்டும் டேப், அதைச் சூடேற்றி ஒட்டும் இயந்திரம், துணி ரத்தத்தை உள்ளே விடுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கூடம் ஆகியவற்றுக்குத்தான் நாடே திண்டாடியது. தொடக்கத்தில் அந்தச் சோதனைக்குக் கோயம்புத்தூரின் சிட்ரா ஆய்வகத்தையே நம்பியிருந்தோம். ஆனாலும் சில வாரங்களில் உடைகள் வெளியே வந்தன. காரணம் எளிது: ஆர்டர் வற்றினாலும் தைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் வேலையில் இருந்தார்கள். ஆர்டர் இன்னும் ஐந்து ஆண்டு வற்றியிருந்தால் அந்தக் கைகள் திருப்பூருக்கோ வீட்டுக்கோ போயிருக்கும்.

தொழிற்சாலை யார் பெயரில் இருக்கிறது என்ற சண்டைக்கு இதில் எவ்வளவு இடம்? 2021 அக்டோபர் 1 அன்று பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளின் வாரியம் கலைக்கப்பட்டு 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தன. ஆவடியின் டாங்கி, என்ஜின் தொழிற்சாலைகளும் மேடக், ஜபல்பூர், அம்பர்நாத் தொழிற்சாலைகளும் சேர்ந்து ‘ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம்’ ஆயின. தலைமையகம் ஆவடி. ஓ.சி.எஃப். கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட வேறு நிறுவனத்துக்குப் போனது. 2019 ஆகஸ்டிலேயே இதை எதிர்த்து நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. 2021இல் வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பழைய வாரியத்தின் கோப்பு வேகத்தைப் பார்த்தவர்கள் அதற்காகக் கண்ணீர் விடமாட்டார்கள். ஆனால் நிறுவனம் என்று ஆனபின் லாபம் காட்ட வேண்டும். போருக்காகச் சும்மா வைத்திருக்கும் கூடுதல் இயந்திரமும் கூடுதல் ஆளும் லாபக் கணக்கில் நஷ்டம். தீயணைப்பு நிலையத்தை, அணைத்த தீக்கு ஏற்பக் கட்டணம் வாங்கி நடத்தச் சொல்வதுபோல. அந்தக் கூடுதலுக்கு அரசு தனியாகக் காசு கொடுக்காவிட்டால், வாரியமோ நிறுவனமோ எதுவானாலும், முதலில் வெட்டப்படுவது அதுதான்.

சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகளைக் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். முதலீட்டு ஒப்பந்தங்கள், சோதனைக்கூடங்கள், டிரோன்கள் என்று வேலை நடக்கிறது. குறை சொல்ல மனமில்லை. ஆனால் வழித்தடத்தைப் பற்றிய பேச்சில் எப்போதும் புது நிலம், புது ஆலை. அம்பத்தூரில் ஏற்கெனவே ஓடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகளில் எத்தனை பேர் ஆவடிக்கு ஒரு திருகாவது செய்து கொடுக்கத் தகுதிச் சான்று வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கடைசியாக எப்போது வேலை போனது என்ற பட்டியல் எந்த மேடையிலும் வாசிக்கப்படுவதில்லை. செய்யக்கூடியதும் பெரிய காரியமில்லை. ஐந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச ஆர்டரை உறுதி செய்யலாம். மாதம் பத்து டாங்கி என்றால் பத்து, இரண்டு என்றால் இரண்டு, ஆனால் நிற்கக் கூடாது. ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் இரண்டாவது பட்டறை ஒன்றைச் சின்ன லாட் கொடுத்துப் பழக்கத்தில் வைத்திருக்கலாம். இதற்கு ஆகும் செலவு போரில் மிச்சமாகும் என்று நிரூபிக்க முடியாது. போர் வராவிட்டால் வீண் செலவு என்று தணிக்கையில் எழுதவும் முடியும். ஆர்டர்கள் துண்டு துண்டாக வருவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போன மாதம் மறுபடி அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். பேச்சு நடுவில் முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்து, மெழுகுக் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். புஷ் வேலையின் ப்ளக் கேஜ். எண்ணெய் தடவி, துரு ஏறாமல் வைத்திருந்தார். ஆர்டர் வந்தால் முதல் நாளே சோதனைக்காரர் கேட்பது கேஜின் கேலிப்ரேஷன் சான்றிதழை. அது ஓராண்டுக்குத்தான் செல்லும். வேலையே வராத மூன்று ஆண்டும் அவர் சொந்தக் காசில் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கி வைத்திருக்கிறார். இந்த ஆண்டுக்கான தேதி நெருங்குகிறது. கேஜைக் காகிதத்தில் மறுபடி சுற்றிக்கொண்டே, அனுப்பவா வேண்டாமா சார் என்று கேட்டார்.